மேஸ்திரி மாறினாலும் வேலை நிற்கக் கூடாது: டெபியனுக்கு ரன்இட் பேக்கேஜ் கட்டும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மசாலா மொத்தக் கடையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பின்பக்க அறையில் டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர் இருக்கிறது. அதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நிரல்கள் மூன்று. ஒன்று தராசிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் படிக்கும். இன்னொன்று லேபிள் அடிக்கும். மூன்றாவது பில்லை டேட்டாபேஸில் ஏற்றும். மூன்றில் எது படுத்தாலும் கவுன்டரில் வரிசை நீண்டுவிடும்.

இந்த மூன்றையும் தூக்கி நிறுத்திக்கொண்டே இருக்க ஒரு நிரல் வேண்டும். ஒன்று விழுந்தால் அடுத்த நொடியே திரும்பத் தொடங்கிவிட வேண்டும், அது எழுதுவதை லாகில் (பதிவுக் கோப்பில்) சேர்த்துவைக்க வேண்டும், 'நிறுத்து' என்றால் ஒழுங்காக நிறுத்த வேண்டும். கட்டட வேலையில் மேஸ்திரி செய்வதைப் போன்ற வேலை இது. கெரிட் பாப் எழுதிய ரன்இட்டை நான் இதற்குப் பயன்படுத்துகிறேன். டி. ஜே. பெர்ன்ஸ்டைனின் டீமன்டூல்ஸ் காட்டிய வழியில் வந்த நிரல் அது. சின்னது, புரிந்துகொள்ளக் கூடியது, பல வருடமாக அடிபட்டுத் தேறியது. வாய்ட் லினக்ஸ் அதையே தன் இனிட்டாக, அதாவது கணினி எழும்போது முதலில் ஓடி மற்றதைத் தொடங்கும் நிரலாக, வைத்திருக்கிறது.

டெபியனிலேயே ரன்இட்டுக்குப் பேக்கேஜ், அதாவது நிறுவவும் புதுப்பிக்கவும் நீக்கவும் ஏற்றபடி கட்டிய தொகுப்பு, இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது போதும், தயங்காமல் அதையே போட்டுக்கொள்ளுங்கள். நான் சொந்தமாகக் கட்டத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. நான் வருவதற்கு முன்பே யாரோ மூல நிரலை இறக்கிக் கையாலேயே கம்பைல் செய்து (இயங்கும் நிரலாக மாற்றி), யூஎஸ்ஆர் லோக்கல் என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) போட்டிருந்தார்கள். எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதை ஒழுங்குக்குக் கொண்டுவர, கடைக்குத் தேவையான அளவு மட்டும் வைத்து, ஒவ்வொரு வரியும் எனக்குப் புரியும்படி ஒரு பேக்கேஜ் கட்டினேன்.

முதல் முறை கட்டியதில் ஒரு பெரிய தப்பு இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் முறையைச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் பாதி அந்தத் தப்பைப் பற்றியது.

2023 ஏப்ரல் 6, வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி. அந்த நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் பெரிய திருவிழா நடக்கும். மஞ்சள், கற்பூரம், கறித்தூள் வாங்கக் கடையில் காலையிலிருந்தே கூட்டம். அந்த வருடம் மின்வெட்டும் உச்சத்தில் இருந்தது. காலைச் சுற்று மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும், அடுத்த சுற்றுக்கு முன் முடித்துவிடலாம் என்று என் பேக்கேஜின் புதிய பதிப்பை ஏற்றினேன். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திய பதிப்பு, அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம் கழித்துக் கவுன்டரிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்து, "தராசு பேசலையே மா" என்றார்.

நடந்தது இதுதான். பேக்கேஜ் ஏறும்போது, பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்ப்பர் கருவி அதில் வழக்கப்படி சேர்த்திருந்த ஸ்கிரிப்ட் சர்வீஸை நிறுத்தித் திரும்பத் தொடங்கியது. அந்த சர்வீஸ்தான் மேஸ்திரி. டெபியனின் இனிட்டான சிஸ்டம்டி, மேஸ்திரிக்கு மட்டுமல்லாமல் அதன் கீழ் இருந்த எல்லா நிரல்களுக்கும் ஒரே நேரத்தில் 'முடித்துக்கொள்' என்று சொல்லும் டெர்ம் சிக்னல் அனுப்பியது. சீரியல் போர்ட்டில் காத்துக்கொண்டிருந்த தராசு நிரல் அதைக் கண்டுகொள்ளவில்லை. சிஸ்டம்டி தன் வழக்கமான 90 நொடி பொறுத்துவிட்டு அதைக் கொன்றது. செத்த நிரலால் 'நான் ஓடுகிறேன்' என்று காட்டும் தன் பூட்டுக் கோப்பை அழிக்க முடியவில்லை. புதிய மேஸ்திரி வந்து தராசு நிரலைத் தொடங்கினால், அது பூட்டைப் பார்த்துவிட்டு 'ஏற்கெனவே ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார்' என்று வெளியேறும். ஒரு நொடி கழித்து மறுபடி தொடங்கும், மறுபடி வெளியேறும். நான் கண்டுபிடிப்பதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. அதுவரை பெரியம்மா பழைய தட்டுத் தராசில் நிறுத்து, கையால் எழுதிக் கொடுத்தார்.

வேறு எந்தப் பேக்கேஜாக இருந்தாலும் ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் குடி முழுகிப் போகாது. மேஸ்திரி நிரல் அப்படி இல்லை. அதை நிறுத்தினால் அதை நம்பியிருக்கும் எல்லாமே நிற்கும். அதனால் இந்தப் பேக்கேஜில் கம்பைல் செய்வது சின்ன வேலை. நிறுவும் நேரம், புதுப்பிக்கும் நேரம், நீக்கும் நேரம் ஆகிய இந்த மூன்றில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

மூலத்தைத் தயார் செய்வது

பில்ட்-எசென்ஷியல், டெப்ஹெல்ப்பர், டெவ்ஸ்கிரிப்ட்ஸ், குவில்ட், லின்டியன் ஆகிய கருவிகளை உங்கள் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். கடை சர்வரில் வேண்டாம், தனிக் கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ செய்யுங்கள்.

நான் கட்டியது 2.1.2 பதிப்பு. மூலக் கோப்பைப் பிரித்தால் முதலில் அட்மின் என்று ஒரு அடைவு வரும், அதற்குள் ரன்இட்-2.1.2, அதற்குள் எஸ்ஆர்சி. டெபியன் கருவி பிரிக்கும்போது வெளி அடைவு ஒன்றே ஒன்றாக இருந்தால் அதைக் கழற்றிவிடும். அதனால் உங்கள் பேக்கேஜ் அடைவுக்குள் நேராக ரன்இட்-2.1.2 தெரியும். மேக்ஃபைல் மேல் அடைவில் இல்லை, எஸ்ஆர்சிக்குள் இருக்கிறது. இதைத் தெரியாமல் விட்டால் டெப்ஹெல்ப்பர் எதையும் கம்பைல் செய்யாமல், பிழையும் சொல்லாமல், வெறும் பேக்கேஜைக் கட்டிக் கையில் கொடுத்துவிடும். நான் அதை நிறுவியும் பார்த்திருக்கிறேன், உள்ளே ஆவணங்கள் மட்டும் இருந்தன. ரூல்ஸ் கோப்பில் டிஎச் அழைப்போடு, மூல அடைவு இன்ன இடத்தில் என்று சொல்லும் சோர்ஸ்-டைரக்டரி தேர்வைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

டெபியன் என்ற பெயரில் ஒரு அடைவை உருவாக்கி, அதற்குள் கன்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் ஆகிய நான்கு கோப்புகளையும், சோர்ஸ் என்ற உள் அடைவில் ஃபார்மட் கோப்பையும் வையுங்கள். ஃபார்மட் 3.0 குவில்ட் என்று இருக்கட்டும். ரூல்ஸ் கோப்பில் உள்தள்ளல் டேப்பாக இருக்க வேண்டும், ஸ்பேஸ் செல்லாது. காப்பிரைட் கோப்பில் பிஎஸ்டி மூன்று-விதி உரிமத்தின் முழு வாசகத்தையும் கெரிட் பாப்பின் பெயரையும் போடுங்கள். அவர் எழுதியதை நாம் இலவசமாகப் பயன்படுத்துகிறோம். அவர் முக்கியமாகக் கேட்பது அந்தப் பெயரையும் உரிம வாசகத்தையும் வைத்திருக்க வேண்டும் என்பதுதான்.

பெயர் வைப்பதில் கவனம் வேண்டும். உங்கள் பேக்கேஜுக்கும் ரன்இட் என்றே பெயர் வைத்தால், டெபியனின் பதிப்பு எண் உங்களுடையதைவிடப் பெரிதாக இருக்கும்போது, டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் உங்களுடையதைத் தூக்கிவிட்டு அதைப் போட்டுவிடும். ஒரு நாள் காலையில் பார்த்தால் உங்கள் வேலை எதுவும் இருக்காது. நான் முன்னால் கடையின் சுருக்கப் பெயரைச் சேர்த்துவிட்டேன். கன்ட்ரோல் கோப்பில் ப்ரொவைட்ஸ், கான்ஃப்ளிக்ட்ஸ், ரீப்ளேசஸ் மூன்றிலும் ரன்இட் என்று எழுதினால், இரண்டும் ஒரே கணினியில் மோதிக்கொள்ளாது.

கம்பைல் செய்வது

ரன்இட் கம்பைலர் கட்டளையைக் கான்ஃப்-சிசி என்ற கோப்பின் முதல் வரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். டெபியன் தரும் பாதுகாப்புக் கொடிகளை (கம்பைலருக்கான தேர்வுகளை) சூழல் மாறிகளில் வைத்தால் மட்டும் போதாது, அது எட்டிப் பார்க்காது. கம்பைல் தொடங்கும் முன் ரூல்ஸ் கோப்பிலிருந்தே கம்பைலர் பெயரையும் கொடிகளையும் சேர்த்து அந்தக் கோப்பில் எழுதுங்கள். லிங்க் செய்வதற்கான கான்ஃப்-எல்டி கோப்புக்கும் இதே கதைதான். இதைச் செய்யாவிட்டால் பேக்கேஜ் கட்டப்படும், ஆனால் ஹார்டனிங் (அந்தப் பாதுகாப்பு) இல்லை என்று, பேக்கேஜில் குறை தேடும் லின்டியன் சொல்லும். அது சொல்வது சரி.

ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பில், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது எச்சரிக்கையிலிருந்து பிழையாக மாறிவிட்டது. டெபியன் 13 அந்தக் கம்பைலரோடுதான் வருகிறது. பழைய சி நிரலில் எங்காவது ஒரு ஹெடர் விட்டுப்போயிருந்தால் அங்கேயே நின்றுவிடும். மூலக் கோப்பில் கை வைக்காமல், மாற்றங்களைத் தனிக் கோப்பாக வைக்கும் குவில்ட் வழியாகப் பேட்ச் எழுதுங்கள். எச்சரிக்கையை அடக்கும் கொடி ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுவதை நான் ஏற்க மாட்டேன். ஹெடர் வரியைச் சேர்க்க இரண்டு நிமிடம் போதும்.

இன்னொரு பேட்ச் கட்டாயம் வேண்டும். சேவைகளை இயக்கும் எஸ்வி கட்டளை, 2.1.2 மூலத்தில் சேவை அடைவை வேர் அடைவுக்கு நேர் கீழே தேடும். டெபியனில் வேர் அடைவில் புதிதாக ஒரு அடைவு முளைக்கக் கூடாது. எஸ்வி டாட் சி கோப்பில் அந்த இடம் ஒரே வரியில் இருக்கிறது. அதை இடிசி கீழ் சர்வீஸ் என்று மாற்றினேன். கையேட்டுப் பக்கத்திலும் அதே மாற்றத்தைச் செய்ய மறக்காதீர்கள். நடு இரவில் கையேட்டைப் பிரித்துப் படிப்பவருக்கு அது தப்பு வழி காட்டக் கூடாது.

பேக்கேஜுக்குள் எதைப் போடுவது? ரன்-எஸ்வி, ரன்-எஸ்வி-டிர், எஸ்வி, எஸ்வி-லாக்-டி, சிஎச்பிஎஸ்டி. இந்த ஐந்து போதும். ரன்இட், ரன்இட்-இனிட் இரண்டையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவை சிஸ்டம்டியின் இடத்தில் முதல் ப்ராசஸாக உட்காருவதற்கானவை. நமக்கு வேண்டியது கடை நிரல்களுக்கு ஒரு மேஸ்திரி மட்டும். தேவையில்லாத இனிட்டைக் கணினியில் வைத்திருந்தால் என்றாவது ஒருவர் ஆர்வத்தில் அதை இயக்கிப் பார்ப்பார்.

சிஸ்டம்டியோடு ஒத்துப்போவது

ரன்-எஸ்வி-டிர்தான் தலைமை மேஸ்திரி. அது சேவை அடைவை 5 நொடிக்கு ஒருமுறை பார்க்கும், புதிதாக ஒன்று தெரிந்தால் அதற்கு ஒரு ரன்-எஸ்வியை வைக்கும். ஒவ்வொரு ரன்-எஸ்வியும் ஒரே ஒரு நிரலையும் அதன் லாகையும் பார்த்துக்கொள்ளும். இந்தத் தலைமை மேஸ்திரியைத் தொடங்குவது சிஸ்டம்டியின் வேலை. அதற்கு ஒரு யூனிட் கோப்பு எழுத வேண்டும். என் பிழை முழுவதும் இந்தக் கோப்பில்தான் இருந்தது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ரன்-எஸ்வி-டிருக்கு டெர்ம் சிக்னல் கொடுத்தால் அது உடனே வெளியேறும், கீழே இருப்பவர்களுக்கு எதுவும் சொல்லாது. ஹப் சிக்னல் கொடுத்தால் ஒவ்வொரு ரன்-எஸ்விக்கும் 'முடித்துக்கொள்' என்று சொல்லிவிட்டு 111 என்ற எண்ணோடு வெளியேறும். ஆக, ஒழுங்காக நிறுத்த ஹப்தான் சரி. யூனிட் கோப்பில் கில்-சிக்னல் என்பதை ஹப் ஆக்குங்கள். 111 என்பது தோல்வி அல்ல என்று சக்சஸ்-எக்சிட்-ஸ்டேட்டஸ் வரியில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சிஸ்டம்டி சிவப்பில் புலம்பும்.

அடுத்தது கில்-மோட். வழக்கமான அமைப்பில் சிஸ்டம்டி குழுவில் இருக்கும் எல்லாருக்கும் சிக்னலை அனுப்பும். அப்படியானால் ஹப் சிக்னல் தராசு நிரலுக்கும் நேராகப் போகும். அது அதைக் கேட்டு என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். மிக்ஸ்டு என்று வைத்தால், தலைவர் வெளியேறியதும் மீதிப் பேருக்குக் கில் விழும். நம் தலைவரோ யாருக்காகவும் காத்திருக்காமல் உடனே வெளியேறுகிறவர். அதனால் ப்ராசஸ் என்று வைத்தேன். தலைமை மேஸ்திரிக்கு மட்டும் சிக்னல் போகும், ரன்-எஸ்விகள் தங்கள் நிரல்களை அவரவர் வேகத்தில் முடித்துவைக்கும். சிஸ்டம்டியின் கையேடு இந்த அமைப்பைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, பின்னால் நிரல்கள் தங்கிவிடும் என்பதால். வேறு சர்வீஸ்களுக்கு அந்த அறிவுரை சரி. இங்கே பின்னால் தங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ரன்-எஸ்வி இருக்கிறது.

ரீஸ்டார்ட் என்பதை எப்போதும் என்று வையுங்கள். தலைமை மேஸ்திரியை யாராவது தவறிக் கொன்றாலும் சிஸ்டம்டி அதை எழுப்பிவிடும். அந்த நேரத்தில் பழைய ரன்-எஸ்விகள் அநாதைகளாக ஓடிக்கொண்டிருக்கும், அவற்றின் நிரல்களும் ஓடும். புதிதாக வரும் ரன்-எஸ்விகள் சூப்பர்வைஸ் அடைவில் இருக்கும் பூட்டை எடுக்க முடியாமல் 'தற்காலிகத் தோல்வி' என்று லாகில் எழுதிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கவுன்டரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. கடை மூடிய பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

அப்புறம் அந்த ஒரு வரி. ரூல்ஸ் கோப்பில் டிஎச்-இன்ஸ்டால்-சிஸ்டம்டியை ஓவர்ரைட் செய்து, 'புதுப்பிக்கும்போது நிறுத்தாதே' என்ற தேர்வைக் கொடுங்கள். கையேட்டில் நோ-ஸ்டாப்-ஆன்-அப்கிரேட் என்று இருக்கும். அன்று இந்த வரி இல்லாததால்தான் பெரியம்மா கையால் எழுத வேண்டி வந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. புதிய பேக்கேஜ் ஏறிய பிறகும் நினைவகத்தில் ஓடுவது பழைய நிரல்தான். ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழே எக்ஸி இணைப்பைப் பார்த்தால் 'அழிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பாதுகாப்புத் திருத்தம் என்றால் அதை அப்படியே விட்டுவைக்க முடியாது. எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள், பேக்கேஜ் தீர்மானிக்க வேண்டாம். உபுண்டு சர்வர் வைத்திருப்பவர்கள் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவியையும் கவனிக்க வேண்டும். லைப்ரரி ஏதாவது மாறினால், ஆப்ட் வேலை முடிந்த கையோடு அது சர்வீஸ்களைத் தானே திரும்பத் தொடங்கக் கூடும். அதன் அமைப்புக் கோப்பில் நம் மேஸ்திரியை விலக்கிவையுங்கள்.

உபுண்டு என்றதும் ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. அது இந்த நாட்டுக்காரர் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கியது, முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது. பெயரும் இங்கே சுற்றிப் பலரும் பேசும் ஜூலு, கோசா மொழிகளின் சொல். 2006-இல் அது அப்ஸ்டார்ட் என்ற தன் சொந்த இனிட்டைக் கொண்டுவந்தது, 2015-இல் அதை விட்டு சிஸ்டம்டிக்கு மாறியது. இனிட்டுகள் வரும் போகும். ரன்இட்டுக்கு ஒரு சேவையை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் ரன் என்ற மூன்று வரிக் கோப்பு அந்த மாற்றத்தில் எல்லாம் மாறாமல் அப்படியே ஓடியது. ரன்இட் மேல் எனக்குள்ள பிடிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த மூன்று வரி

எங்கள் தராசுச் சேவையின் ரன் கோப்பை அப்படியே சொல்கிறேன். முதல் வரி வழக்கமான ஷெல் வரி. இரண்டாவது வரி எக்ஸெக் போட்டுப் பிழை வெளியீட்டைச் சாதாரண வெளியீட்டோடு சேர்க்கிறது, அப்போதுதான் இரண்டும் லாகுக்குப் போகும். கடைசி வரியில் எக்ஸெக், அதன் பிறகு நிரலை வேறு பயனராக ஓடவிடும் சிஎச்பிஎஸ்டி, மைனஸ் யூ போட்டுத் தராசுக்கென்று வைத்த பயனர் பெயர், பிறகு நிரலின் முழுப் பாதை, முன்னணியில் ஓடு என்ற தேர்வு.

கடைசி வரியில் எக்ஸெக் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எங்கள் கடையில் வேலை பழகும் பெண்ணுக்குக் காட்டினேன். அவள் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் கோவில் வகுப்பில் படித்தது. பிஎஸ்-ட்ரீ போட்டுப் பார்த்தோம். ரன்-எஸ்வியின் கீழே ஷெல், ஷெல்லின் கீழே தராசு நிரல். எஸ்வி டவுன் கொடுத்தால் சிக்னல் ஷெல்லுக்குப் போகிறது, ஷெல் சாகிறது, தராசு நிரல் மட்டும் அநாதையாகப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எக்ஸெக் சேர்த்த பிறகு நடுவில் இருந்த ஷெல் இல்லை. "அப்போ நடுவுல நிக்கிற ஆளைத் தூக்கிட்டோம், அவ்வளவுதானே அக்கா" என்றாள். அவ்வளவேதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டாவது வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் ஒரு வரி சேர்த்தேன்: பழைய பூட்டுக் கோப்பு இருந்தால் அழித்துவிடு. சாதாரணமாக ஒருவர் பூட்டை இன்னொருவர் அழிப்பது ஆபத்து. இங்கே ஒரே நேரத்தில் இரண்டு தராசு நிரல் ஓடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ரன்-எஸ்வியிடம் இருக்கிறது. அதனால் புதிதாகத் தொடங்கும்போது கிடக்கும் பூட்டு செத்தவருடையதுதான். மின்வெட்டில் யூபிஎஸ் தீர்ந்து சர்வர் திடீரென்று அணைந்தாலும், கரண்ட் வந்ததும் தராசு தானே பேசத் தொடங்குவது இந்த ஒரு வரியால்தான்.

லாகுக்கு எஸ்வி-லாக்-டி. எதுவும் சொல்லாவிட்டால் கோப்பு ஒன்று பத்து லட்சம் பைட் ஆனதும் அடுத்ததற்கு மாறும், பழையவை பத்தை வைத்துக்கொள்ளும். எங்களுக்கு அது தாராளம். லாக் எழுத ரூட் (நிர்வாகி) உரிமை தேவையில்லை. அதற்கென்று அடிக்கோட்டில் தொடங்கும் பெயரோடு ஒரு சிஸ்டம் பயனரை போஸ்ட்இன்ஸ்ட்டில், அதாவது பேக்கேஜ் ஏறியதும் ஓடும் ஸ்கிரிப்டில், உருவாக்கிக்கொள்ளுங்கள்.

நிறுவும்போதும் நீக்கும்போதும்

சேவை விவரங்கள் இடிசி கீழ் எஸ்வி என்ற அடைவில் இருக்கும். அவற்றை இயக்க, இடிசி சர்வீஸில் ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு) போட வேண்டும். அந்தச் சிம்லிங்க்கைப் பேக்கேஜுக்குள்ளேயே வைத்து அனுப்பாதீர்கள். இடிசியில் உள்ள கோப்புகளை நிர்வாகி மாற்றினால், பேக்கேஜைப் பிரித்து வைக்கும் டிபிகேஜி அதை மதிக்கும், சிம்லிங்க்குக்கு அந்த மரியாதை கிடையாது. நீங்கள் லேபிள் சேவையை வேண்டாம் என்று லிங்க்கை எடுத்திருப்பீர்கள். அடுத்த அப்டேட்டில் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். போஸ்ட்இன்ஸ்ட்டில், முதல் முறை நிறுவும்போது மட்டும் லிங்க் போடுங்கள். கான்ஃபிகர் என்ற சொல்லுக்கு அடுத்து வரும் இரண்டாம் மதிப்பு காலியாக இருந்தால் அது முதல் நிறுவல். ஏற்கெனவே ஒரு பதிப்பு இருந்தால் அதன் எண் அங்கே வரும்.

ரன்-எஸ்வி ஓடும்போது ஒவ்வொரு சேவை அடைவிலும் சூப்பர்வைஸ் என்று ஒரு அடைவை உருவாக்கி, பூட்டையும் நிலையையும் அதில் எழுதும். இடிசிக்குள் ஓயாமல் எழுதுவது சரியில்லை. தவிர, பேக்கேஜை நீக்கும்போது 'அடைவு காலியாக இல்லை, நீக்கவில்லை' என்று டிபிகேஜி குறை சொல்லிவிட்டுப் போகும். சூப்பர்வைஸ் என்ற பெயரில், வேர் அடைவின் கீழ் உள்ள ரன் அடைவுக்குள் ஒரு இடத்துக்குச் சுட்டும் சிம்லிங்க்கை வைத்துவிட்டால் இரண்டும் தீரும். அந்த ரன் அடைவு நினைவகத்தில் இருப்பது, அணைத்தால் போய்விடும். பூட்டுக்கும் நிலைக்கும் அதுதான் பொருத்தமான இடம்.

நீக்குவதற்கான பிரீ-ஆர்எம் ஸ்கிரிப்டில், வரும் சொல் ரிமூவ் என்றால் மட்டும் எல்லாச் சேவைகளையும் எஸ்வி மூலம் நிறுத்துங்கள். எஸ்வி 7 நொடி காத்திருக்கும். தராசு போன்ற பிடிவாதக்கார நிரலுக்கு ஃபோர்ஸ்-ஷட்டவுன் கொடுங்கள், அது நேரம் தாண்டினால் கொன்றுவிடும். அப்கிரேட் என்ற சொல் வந்தால் எதையும் தொடாமல் வெளியேறுங்கள். பர்ஜ் செய்யும்போது, அதாவது அமைப்புக் கோப்புகளோடு முழுவதும் நீக்கும்போது, லாக் அடைவை அழிப்பது டெபியன் வழக்கம், நானும் அதையே வைத்திருக்கிறேன்.

பழைய கைநிறுவல் இருந்த கணினியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஷெல் கட்டளைகளைத் தேடும்போது யூஎஸ்ஆர் லோக்கல் முன்னால் வரும். நீங்கள் எஸ்வி என்று அடித்தால் பழைய எஸ்விதான் பதில் சொல்லும், அதுவோ வேர் அடைவில் தேடிக்கொண்டிருக்கும். எங்கள் சர்வரில் அரை நாள் இதில் போயிற்று. போஸ்ட்இன்ஸ்ட் அந்தக் கோப்புகளை அழிக்கக் கூடாது, யூஎஸ்ஆர் லோக்கல் நிர்வாகியின் சொத்து. கையால் போட்டதைக் கையாலேயே எடுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

லின்டியன் சொல்வதை முதலில் சரிசெய்யுங்கள். அப்புறம் எஸ்பில்டில் ஒரு சுத்தமான சூழலில் கட்டிப்பாருங்கள், விட்டுப்போன பில்ட் சார்புகள் அங்கே தெரிந்துவிடும். பியூபார்ட்ஸ் என்ற கருவி நிறுவி, புதுப்பித்து, நீக்கி, மிச்சம் என்ன கிடக்கிறது என்று காட்டும்.

இவை எல்லாம் தேர்ந்தாலும் எனக்குப் போதாது. ஒரு மெய்நிகர் கணினியில் சேவைகளை ஓடவிட்டு, தராசு நிரலின் ப்ராசஸ் எண்ணைக் குறித்துக்கொள்வேன். பேக்கேஜைப் புதுப்பிப்பேன். எண் மாறியிருந்தால் அந்தப் பேக்கேஜ் கடைக்குப் போகாது. பிறகு தலைமை மேஸ்திரியைக் கொன்று பார்ப்பேன். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை மின்சாரம் போனதைப் போல அப்படியே அணைத்துவிட்டு மறுபடி எழுப்புவேன். மூன்று சேவைகளும் ஒரு நிமிடத்துக்குள் ஓட்டத்தில் இருக்க வேண்டும். எஸ்வி ஸ்டேட்டஸ் எத்தனை நொடியாக ஓடுகிறது என்று காட்டும். அந்த நொடிக் கணக்கு ஒன்று, இரண்டு என்பதிலேயே நின்றுகொண்டிருந்தால் நிரல் விழுந்து விழுந்து எழுகிறது என்று பொருள். அதையும் கவனியுங்கள்.

திருத்திய பேக்கேஜை ஈஸ்டர் முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் ஏற்றினேன். கடை இன்னும் மூடவில்லை, வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன், கடை ஐயாவிடமும் சொல்லிவிட்டு. பழகும் பெண் தராசு நிரலின் ப்ராசஸ் எண்ணை நோட்டில் 4187 என்று எழுதி வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஆப்ட் முடிந்தது. மறுபடி கேட்டோம். 4187. கவுன்டரில் பெரியம்மா அரை கிலோ மிளகாய்த்தூளை நிறுத்து லேபிளைக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தார், பின்னால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.